சாமுவேலண்ணன் கொண்டுவந்த மூக்குத் துணிகள்

செய்தி துணியோடு வந்தது. அருள்புரத்திலிருந்து ரோல் ஏற்றி வரும் வேன் டிரைவர் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்துக்காகச் சிட்டையை நீட்டியபடியே சொன்னார்: "அக்கா, நம்ம பாய்லர் சாமுவேலண்ணன் காலைல போயிட்டாருங்க. நாளைக்குக் குன்னத்தூர்ல அடக்கமுங்க." நான் கையெழுத்துப் போட்டேன். பிரித்த ரோலைப் பாதியில் விடக் கூடாது என்பது என் வழக்கம். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நான்கு இடங்களில் கறை இருந்தது, நான்கிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அழுகை வரவில்லை. அவரும் என்னை அழுமூஞ்சி என்று எண்ணியிருக்க மாட்டார்.

சாமுவேலை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருள்புரம் பக்கம் ஒரு சலவைப்பட்டறையில் நானும் அவரும் பதினைந்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தோம். சலவைப்பட்டறை என்றால் பின்னி முடித்த பனியன் துணியை வேகவைத்து வெள்ளையாக்கித் தருகிற இடம். வேகவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்குத் தீ போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சாமுவேல். வெளுத்த துணியைப் பின்பக்கக் களத்தில் கயிறு கட்டிப் பெண்கள் காயப்போடுவார்கள். அவர்களில் ஒருவர் சாமுவேலின் மனைவி எஸ்தர். காய்ந்த துணியை மேசைமேல் விரித்து டியூப் லைட் வெளிச்சத்தில் கறை பார்ப்பது என் வேலை. எங்கள் மூன்று பேருடைய கதைதான் இது. நடுவே முதலாளி வருவார். அவர் பெயர் வேண்டாம்.

கறை பார்ப்பதில் எனக்கு அப்போது கர்வம் அதிகம். ஊசியிலிருந்து வரும் எண்ணெய்க் கறை நீளமாக இருக்கும். துருக்கறை ஓரத்தில் மஞ்சளாகப் படரும். பூச்சி நசுங்கிய கறை பச்சை. பறவை எச்சம் விழுந்த கறை காய்ந்த பிறகு நடுவில் வெளுத்தும் விளிம்பில் கறுத்தும் தெரியும். எல்லாவற்றிலும் மோசமானது கரிப்புள்ளி. ஊசிமுனை அளவுதான் இருக்கும். தட்டினால் போகாது, தேய்த்தால் வால் முளைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளின் தொடக்கத்தில் ஒவ்வொரு ரோலிலும் கரிப்புள்ளிதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு நேராக பாய்லர் அறைக்குப் போனேன்.

"அண்ணா, இது உங்க கைவேலைங்க" என்று அவர் முன் விரித்தேன்.

அவர் துணியைப் பார்ப்பதற்கு முன் வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் மேலே பார்ப்பது அவர் பழக்கம். களத்துப் பெண்கள், "அண்ணன் பரலோகத்தப் பாக்கறாரு, கூப்படாதீங்க" என்று கேலி செய்வார்கள். பார்த்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, டயரப் போட்டா டயர்ப் பொகைதானுங்க வரும். மல்லியப்பூ வாசமா வரும்?"

உண்மைதான். அப்போது எங்கள் பட்டறையில் விறகோடு பழைய சைக்கிள் டயரையும் முந்திரி ஓட்டையும் சேர்த்து எரித்தார்கள். விறகு நினைத்த நேரத்தில் கிடைக்காது, டயர் எப்போதும் கிடைக்கும். என்ன போட வேண்டும் என்று தீர்மானிப்பவர் முதலாளி, போடுபவர் மட்டும்தான் சாமுவேல். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் அவரிடம்தான் கோபித்துக்கொண்டேன், ஏனென்றால் முதலாளியிடம் கோபித்துக்கொள்ள முடியாது. கொஞ்ச காலம் அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எஸ்தரக்காவுக்கு அப்போதே இரைப்பு. களத்தில் நனைந்த துணியை உதறி உதறிக் கயிற்றில் போடுவது சுலபமான வேலையல்ல. நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும். எஸ்தரக்கா ஒரு வரிசை போட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் அறைக்குள் வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் அமர்வார். அவர் மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தில் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று பொய் சொல்லி மேசையை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். இதை அவர்கள் இருவரிடமும் நான் சொன்னதில்லை. எஸ்தரக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்றே இப்போது தோன்றுகிறது.

களத்தின் ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. நான் சேர்ந்த வருடம் அதில் மைனாவும் காக்கையும் தவிட்டுக்குருவியும் சந்தைபோல இரைச்சல் போடும். எச்சக் கறையும் நிறைய வரும். டயர் அதிகமாக அதிகமாக மரத்தின் இலைகள் கறுத்துப் பிசுபிசுத்தன. பறவைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யாரும் விரட்டவில்லை, ஒரு நாளில் போய்விடவும் இல்லை. எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், எச்சக் கறை குறைந்ததால் தெரிந்தது. வாரா வாரம் நான் முதலாளிக்கு ஒரு நோட்டில் கறை விவரம் எழுதித் தருவேன். அதில் ஒரு கட்டத்தில், "எச்சக் கறை இல்லை. களம் சுத்தம்" என்று எழுதத் தொடங்கினேன். மாதக்கணக்கில் அதையே எழுதினேன். முதலாளி எல்லார் முன்னாலும், "நம்ம கமலம் செக்கிங்குக்குக் காக்காகூடப் பயப்படுது பாருங்க" என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பறவை இல்லாமல் போனதை என் திறமைக்கு வரவு வைத்துக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று சாமுவேல் கைகழுவும் குழாயடியில் என்னிடம் ஒன்று கேட்டார். "ஏனுங்க அம்மிணி, காக்கா குருவி அண்டாத எடத்துல மனுசன் மட்டும் என்னத்துக்குங்க நிக்கறான்?"

"காக்காய்க்கு நாலு எடம் இருக்குதுங்கண்ணா, நமக்கு இந்த ஒரு பட்டறைதான் இருக்குது" என்றேன். பொருத்தமான பதில் என்றுதான் நினைத்தேன். அவர் மேலே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி நெசவுக் குடும்பத்துக்காரர். முருகன் மேல் அளவில்லாத பக்தி. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பழனிக்கு நடந்து போவார். அவர் விரதமாக நடக்கிற நாட்களில் பட்டறையில் நெருப்பு எரியக் கூடாது என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். மற்ற பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். இவர் கேட்க மாட்டார். ஒரு வாரம் பாய்லர் குளிர்ந்து கிடக்கும். நீராவி வேண்டாத அலசலும் காயப்போடுவதும் மட்டும் நடக்கும். தீ போட வேலையில்லாததால் சாமுவேலும் களத்துக்கு வந்து மனைவியோடு சேர்ந்து துணி உதறுவார்.

அப்படி ஒரு தைப்பூச வாரத்தின் ஐந்தாம் நாள் அவர் என் மேசைக்கு வந்தார். பாய்லர் அறைச் சூட்டிலேயே இருப்பவர் என்பதால் செக்கிங் அறைக்குள் அவர் வருவதே அபூர்வம்.

"அம்மிணி, எஸ்தரு இன்னைக்கு உக்காராம நாலு வரிசை போட்டுட்டாளுங்க."

"லீவு வாரமுங்கண்ணா. வேலை கொறவு, அதான்."

"அப்பிடீங்களா? மரத்தப் பாருங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். மரத்தில் இரண்டு மைனாக்கள் உட்கார்ந்திருந்தன.

"மைனாவுக்குமா வேலை கொறவுங்க?" என்று கேட்டார்.

வெயில் மாறியிருக்கும், காற்று மாறியிருக்கும் என்று நான் ஏதோ சொன்னேன். மறுவாரம் பாய்லர் பற்றவைத்தார்கள். மைனாக்கள் போய்விட்டன. எஸ்தரக்கா பழையபடி கல்லில் உட்கார்ந்தார். நான் பழையபடி நோட்டில் "களம் சுத்தம்" என்று எழுதினேன்.

சாமுவேல் அதன் பிறகு செய்ததைத் தியாகம், போராட்டம் என்றெல்லாம் பெரிதாக்கினால் அவருக்கே பிடிக்காது. அவர் முதலாளியிடம் எஸ்தரக்காவின் இரைப்பைப் பற்றிப் பேசவில்லை, மைனாவைப் பற்றியும் பேசவில்லை. என் கரிப்புள்ளித் துணிகளைத்தான் கொண்டுபோனார். வெள்ளை பனியனுக்குக் கரிப்புள்ளி எவ்வளவு கேடு என்று முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "பொகைங்கறது எரியாமப் போன வெறகுங்க. அதக் களத்துல கொட்டறதுக்குப் பதிலா பாய்லர்லயே எரிச்சுப்போட்டா நமக்குத்தானுங்க லாபம்" என்றாராம். முதலாளிக்கு அது புரிந்தது. ஆனால் அவர் யோசனை வேறு மாதிரி இருந்தது. புகைபோக்கியை இன்னும் உயரமாகக் கட்டிவிட்டால் கரி நம் களத்தைத் தாண்டிப் போய்விடும் என்றார்.

"தாண்டிப் போயி எங்கீங்க எறங்கும்?" என்று சாமுவேல் கேட்டார். கொத்தனார் வந்திருந்த அன்று நானும் அங்கே நின்றிருந்தேன், அதனால் இது எனக்கு நேரடியாகத் தெரியும். "மேல போனதெல்லாம் எங்கியோ எறங்கித்தானுங்க ஆகோணும். தெக்க பள்ளிக்கூடம் இருக்குதுங்க, நம்ம கரி அந்தக் கொழந்தைங்க தலைல விழுகும். அதுக்கு நான் தீ போட மாட்டனுங்க." அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். முதலாளி, "சரி, நீயே ஒரு வழி சொல்லப்பா" என்றார்.

அவர் சொன்ன வழி எளிமையானது, ஆனால் சோம்பேறிக்கு ஒத்துவராது. ஈர விறகைச் சிறிதாக அறுத்து அடுக்கி மாதக்கணக்கில் காயவிட வேண்டும். அடுப்பு வாய் நிறையத் திணித்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட வேண்டும். வாரம் ஒரு முறை பாய்லருக்குள் குழாய்களில் படிந்த கரியைத் தேய்த்து எடுக்க வேண்டும். பாய்லருக்கும் புகைபோக்கிக்கும் நடுவே செங்கல்லில் ஓர் அறை கட்டி, புகை அதில் வளைந்து வளைந்து போனால் சாம்பலில் பெரும்பகுதி அங்கேயே உட்கார்ந்துவிடும். டயர் கூடவே கூடாது. "நெருப்புக்கு ஊட்டி உடோணுமுங்க, திணிக்கக் கூடாது" என்று தன் ஷிப்ட் மாற்று ஆளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஆள் எரிச்சலில், "உங்க ஊட்ல கொழந்தை இல்லாத கொறைய இங்க தீத்துக்கறீங்களாண்ணா" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். சாமுவேலுக்கும் எஸ்தரக்காவுக்கும் குழந்தை இல்லை. சாமுவேல் கோபப்படவில்லை. மேலே பார்த்துவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

இரண்டு வருடத்தில் கரிப்புள்ளி வெகுவாகக் குறைந்தது. என் மேசையில் அது முதலில் தெரிந்தது. பிறகு மரத்தில் தெரிந்தது. மழை கழுவிய இலை மீண்டும் கறுக்கவில்லை. மைனா வந்தது, தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. எங்கள் டியூப் லைட் பட்டிக்குப் பின்னால் ஒரு சிட்டுக்குருவி ஜோடி வைக்கோல் கொண்டுவந்து திணித்தது. எஸ்தரக்கா அந்தக் கல்லில் உட்காருவது குறைந்தது. பறவைகள் வந்ததால் பூச்சிக் கறையும் குறைந்தது என்று எழுத எனக்கு ஆசைதான், எழுதினால் கதை இன்னும் அழகாக இருக்கும். ஆனால் அது குறையவில்லை. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பறவை வந்தால் எச்சமும் வரும். ஒரு வருடம் வெளிநாட்டுக்குப் போகிற வெள்ளைத் துணியில் ஒரு லாட், அதாவது ஒரு தொகுதி முழுக்க எச்சக் கறை விழுந்தது. நான்தான் பார்த்தேன், நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதலாளி களத்துக்கு வந்து மரத்தைப் பார்த்தார், மரத்தடியில் கட்டிய கயிறுகளைப் பார்த்தார். பிறகு என் பழைய நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். அவர் புரட்டினார். புரட்டிவிட்டு சாமுவேலைக் கூப்பிட்டார்.

"ஏப்பா சாமுவேலு, இந்தக் கமலத்தோட நோட்டப் பாரு. டயர் போட்ட வருசம் பூரா எச்சக் கறை இல்லைன்னு எழுதீருக்குது. களம் சுத்தம்னு எழுதீருக்குது. நீ பொகையக் கொறைச்ச, காக்கா குருவியெல்லாம் வந்து உக்காந்துருச்சு. பேசாம விறகோட கொஞ்சம் டயரச் சேத்துப் போடு. ஒண்ணும் அண்டாது."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கொசுவுக்குப் புகை போடுகிற மாதிரி, பறவைக்குப் புகை போடச் சொன்னார். ஆதாரம் என் கையெழுத்து. என் அழகான, வரிசை கோணாத கையெழுத்து. எனக்கு அந்த நேரத்தில் வந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. எஸ்தரக்கா கயிற்றுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டயர் திரும்பி வந்தால் அவர் மூச்சு என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சாமுவேல் மேலே பார்த்தார். "நாளைக்குச் சொல்றனுங்க முதலாளி" என்றார்.

மறுநாள் காலை பாய்லருக்குப் போகாமல் நேராக என் அறைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. முதலாளியையும் வரச் சொல்லியிருந்தார். பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

களத்துப் பெண்கள் வெயிலுக்கும் தூசிக்கும் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வெளியே எதுவும் வாங்குவதில்லை. துணி வெட்டி மிஞ்சிய வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் பட்டறையில் மூலைக்கு மூலை கிடக்கும். காலையில் ஒரு புதுத் துண்டை எடுத்துக் கட்டுவார்கள், சாயங்காலம் அவிழ்த்து எறிவார்கள். நான் தினமும் காலில் மிதித்துக்கொண்டு நடந்த துண்டுகள் அவை. எஸ்தரக்கா கட்டிய துண்டுகளை மட்டும் சாமுவேல் எறிய விடாமல் வருடக்கணக்கில் வாரம் ஒன்றாக எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் மூலையிலும் லாட் எண் எழுதுகிற மையால் எந்த மாதம், எந்த வருடம் என்று எழுதியிருந்தது.

அவர் அவற்றை வரிசையாக அடுக்கினார். டயர்க் காலத்துத் துண்டுகளில் மூக்குத் துளை இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், அதற்குக் கீழே வாய் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். துணி முகத்தைப் பார்த்து வரைந்ததுபோல இருந்தது. அடுத்தடுத்த வருடங்களில் புள்ளிகள் வெளிறிக்கொண்டே வந்தன. நடுவில் அங்கங்கே ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அம்மிணி, இதையும் செக் பண்ணுங்க" என்றார். "பாஸா, ரிஜெக்டா?"

அந்த அறையில் எத்தனையோ ஆயிரம் கெஜம் துணி பார்த்தவள் நான். பட்டறையிலேயே அதிகமாகக் கறை படிந்த துணி இதுதான், இதை ஒரு நாளும் நான் விரித்துப் பார்த்ததில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது. அப்போது ஸ்டிக்கர் வராத காலம், சிவப்பு சாக்பீஸால்தான் கறையைச் சுழிப்போம். முதல் துண்டில் சுழித்தேன். இரண்டாவதில் சுழித்தேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. முதலாளியைப் பார்த்து, "என்ர நோட்டுல இருக்கறது தப்புங்க" என்றேன். "குருவி இல்லாததக் களம் சுத்தம்னு எழுதிப்போட்டனுங்க. களம் அப்பத்தான் அழுக்கா இருந்துச்சு."

முதலாளி மேசைக்கு நெருங்கி வந்தார். வரிசையில் வெள்ளையாக இருந்த துண்டு ஒன்றை எடுத்தார். "இது எப்ப கட்டுனது?"

"நீங்க மலைக்குப் போயிருந்தப்பங்க" என்றார் சாமுவேல்.

"தைப்பூசத்தப்பவா?"

"ஆமாங்க. இதா, இதும் அப்பத்ததுதான். வருசா வருசம் அந்த ஒரு வாரந்தானுங்க எஸ்தரு மூச்சு உட்டது."

முதலாளி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் நடந்த நடைக்கும் இந்தத் துணிக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டார். கடைசியில் கேட்டார்: "வருசம் பூரா இந்த மாதிரி வெக்க முடியுமா?"

முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளி அந்த நிமிடம் எதற்கும் சம்மதித்திருப்பார். சாமுவேல் வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வந்தார். "முடியாதுங்க. நெருப்புன்னா கொஞ்சம் பொகை இருக்குமுங்க. இந்த வெள்ளைக்குப் பக்கத்துல கொண்டாந்தரலாமுங்க."

டயர் திரும்பி வரவில்லை. மரமும் வெட்டப்படவில்லை. மரத்தடிக் கயிறுகளை அவிழ்த்துக் களத்தின் மறுகோடியில் கட்டினோம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. எச்சக் கறை பெருமளவு குறைந்தது. இந்த எளிய காரியம் என் மனதில் முன்பே தோன்றாததற்குக் காரணம், எனக்குக் கறை மட்டும்தான் தெரியும், மரம் தெரியாது. மரத்தடி நிழல் சாப்பாட்டு இடமாயிற்று. நானும் என் மேசையைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டேன். எஸ்தரக்கா ஏன் என்று கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் துணி காயவைக்க மெஷின் வந்தது. களம் சுருங்கியது. நான் தனியாகச் செக்கிங் யூனிட் வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டேன். எப்போதாவது அருள்புரம் போனால் பாய்லர் அறையை எட்டிப் பார்ப்பேன். கடைசியாகப் போனபோது அவர் இருமிக்கொண்டிருந்தார். களத்துக்குப் போகிற புகையைக் குறைத்தவர், அடுப்பு வாயிலேயே வாழ்நாள் முழுக்க நின்றார். மூக்குக்குத் துணி கட்டச் சொன்னால், நெருப்பு முன்னால் கட்டினால் மூச்சு முட்டுகிறது என்பார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எத்தனை வருடமாக பீடி குடிக்கிறார் என்று கேட்டாராம். எஸ்தரக்கா, "பீடி தொட்டதே இல்லீங்க சாமி, பாய்லரத்தான் தொட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். சாமுவேல் தனக்கென்று ஒரு மூக்குத் துணி கட்டி எடுத்து வைக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வருகிறது. அதை நாங்கள் யாராவது செக் செய்திருக்க வேண்டும்.

அடக்கத்துக்குக் குன்னத்தூர் போயிருந்தேன். முதலாளியும் வந்திருந்தார், நெற்றியில் திருநீறோடு, ஓரமாகக் கைகட்டி நின்றார். குழிக்கரையில் பாட்டு எடுத்தார்கள். இரைப்பு அதிகமாக இருந்த வருடங்களில் எஸ்தரக்கா கோயிலில் பாட மாட்டார், உதடு மட்டும் அசையும் என்று சாமுவேல் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அன்று மற்றவர்கள் அழுகையில் நிறுத்தி நிறுத்திப் பாடினார்கள். எஸ்தரக்கா நிறுத்தவில்லை. நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், வேலைப் பழக்கம் அப்படி. நீண்ட பாட்டு. எங்கேயும் மூச்சு உடையவில்லை, சீழ்க்கை இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு வெள்ளைத் துண்டு. இரண்டு கறுப்புப் புள்ளியும் ஒரு சாம்பல் வட்டமும், சுற்றிலும் என் சிவப்புச் சுழியும் உள்ள, மேசையில் அன்று முதலாவதாக வைத்த துண்டு. அதை என் பழைய நோட்டில், "களம் சுத்தம்" என்று எழுதிய பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம் ஒரு வெள்ளை ரோலில் எச்சக் கறை வந்தது. அம்பு ஒட்டினேன், அதில் மாற்றமில்லை. ஒட்டிவிட்டு வேன் டிரைவரிடம் இது எந்தக் களத்தில் காய்ந்த துணி என்று கேட்டேன். ஏதோ ஒரு ஊர் சொன்னார். அங்கே துணி உதறுகிற பெண்கள் நன்றாக மூச்சு விடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.